பையில் இருந்த பிறப்புச் சான்றிதழ்

கடிதம்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக டல்லாஸில் வசிக்கிறேன். என் மகளுக்குப் பதினொரு வயது. வார இறுதிகளில் நாங்கள் இருவரும் கறுப்பினக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ‘பிளாக்-இஷ்’ நகைச்சுவைத் தொடரின் பழைய பகுதிகளைப் பார்ப்பது வழக்கம். அதில் டயான் என்ற சிறுமியாக நடித்த மார்சே மார்ட்டின் என் மகளின் அபிமான நட்சத்திரம். கறுப்பினத்தவரின் உரிமைகளுக்கான அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. வழங்கும் இமேஜ் விருதை அவர் பெறும் காணொளிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறாள்.

எனக்குச் சில கேள்விகள். கறுப்பினத்தவருக்கென்று, அதிலும் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று, தனி விருது எதற்கு? திறமைக்கு நிறம் உண்டா? வெள்ளையருக்கும் தங்களுக்கும் தனித் தனிக் குடிநீர்க் குழாயும் இருக்கையும் கூடாது என்று போராடியவர்கள் இன்று தனி மேடை போட்டுக்கொள்வது முரண் அல்லவா? கறுப்பின நடிகை ஜெண்டேயா இருபத்து நான்கு வயதிலேயே தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கிவிட்டார். இன்னமும் இதெல்லாம் தேவையா? ஆண்டுதோறும் ஒரே பெண் வாங்குவதைப் பார்த்தால் போட்டியே இல்லை என்றும் தோன்றுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பெண்ணைக் குழந்தை நட்சத்திரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. பத்து வயதிலேயே பெரிய மனுஷி போன்ற பேச்சு, பார்வை. என் மகளும் அப்படி ஆகிவிடுவாளோ என்று உள்ளூர ஓர் அச்சம். நாடகப் பள்ளியில் சேர வேண்டும் என்கிறாள். சேர்க்கலாமா?

கே.
டல்லாஸ்

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. தனி விருது எதற்கு என்ற கேள்வியோடு நின்றிருந்தால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். விருதுக் காலம் வந்தால் யாராவது ஒருவர் அதைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதி அனுப்புவார். உங்கள் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கும் ‘பெரிய மனுஷி போன்ற பேச்சு, பார்வை’ என்ற ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி அது. எனக்கு அது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளுக்குள் கிடக்கும் ஒரு முள்.

அதற்கு முன் மற்றவற்றைச் சுருக்கமாக ஒதுக்கிவிடுகிறேன். ஆண்டுதோறும் ஒரே பெண் வாங்குகிறார் என்பது தவறு. மார்சே பலமுறை வாங்கியிருக்கிறார், உண்மைதான். ஆனால் 2018-இல் அதே பிரிவில் வென்றவர் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் கேலப் மெக்லாஃப்லின். ஜெண்டேயாவைக் காட்டி வாயை அடைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நாடகத் தொடரின் சிறந்த நடிகைக்கான எம்மி விருதை ஒரு கறுப்பினப் பெண் முதன்முதலாகப் பெற்றதே 2015-இல்தான், வயோலா டேவிஸ். 2020-இல் பெற்ற ஜெண்டேயா இரண்டாமவர். இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள், இனிக் கதவைப் பற்றிப் பேசாதே என்பது நியாயமல்ல. தனிக் குழாய் உவமையோ அடிப்படையிலேயே பிழையானது. அந்தக் குழாயை வைத்தவர்கள் ஒதுக்கியவர்கள். இந்த மேடையைக் கட்டியவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதற்குப் படித்தவர்களால் மட்டுமே முடியும்.

‘இமேஜ்’ என்ற சொல்லை மட்டும் சற்றுக் கவனியுங்கள். பிம்பம் என்று பொருள். 1951-இல் ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ என்ற நகைச்சுவைத் தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது, கறுப்பினத்தவரைச் சோம்பேறிகளாகவும் ஏமாற்றுக்காரர்களாகவும் காட்டுகிறது என்று சொல்லி எதிர்த்தது இதே என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு. 1909-இல் தொடங்கிய அமைப்பு அது; கொலைகாரக் கும்பல்களை எதிர்த்தும் வாக்குரிமைக்காகவும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தவர்கள், ஒரு சிரிப்புத் தொடருக்காக நேரம் செலவழித்தார்கள் என்றால் பிம்பம் உயிரைப் பறிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதிர்ப்பதோடு நின்றால் போதாது, நல்ல பிம்பத்தைத் தோளில் தூக்கிக் காட்டவும் வேண்டும் என்ற எண்ணத்தில் 1967-இல் அதன் ஹாலிவுட் கிளை தொடங்கியதே இமேஜ் விருது. அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1999-இல், அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் அறிவித்த இருபத்தாறு புதிய தொடர்களில் ஒன்றில்கூடச் சிறுபான்மையினர் எவரும் முதன்மைப் பாத்திரத்தில் இல்லை என்று அந்த அமைப்பின் தலைவர் குவைசி உம்ஃபூமே பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. நீங்களும் நானும் இணையத்தில் அஞ்சல் கணக்கு வைத்திருந்த காலத்துச் செய்தி இது.

சரி, இப்போது என் முள்ளுக்கு வருகிறேன். அந்த விருதுப் பிரிவின் பெயரை நீங்கள் ஒருமுறையாவது முழுமையாகப் படித்தீர்களா? ‘தொடரிலோ தொலைக்காட்சித் திரைப்படத்திலோ ஓர் இளையவரின் சிறந்த நடிப்பு’ என்பதுதான் அதன் சாரம். அதில் ‘கறுப்பு’ என்ற சொல் இல்லை. இளையவர் என்ற சொல் இருக்கிறது. நீங்கள் இல்லாத சொல்லோடு சண்டை போட்டுவிட்டு, இருக்கும் சொல்லை மறுத்துக் கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். அந்தப் பெண்ணைக் குழந்தை என்று நினைக்க முடியவில்லை என்று எழுதிய அந்த இடத்தில், அந்த விருது எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு நீங்களே பதிலும் எழுதிவிட்டீர்கள்.

1988-இல் நான் சிகாகோவின் தென்பகுதியில் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அஞ்சல் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் ‘ஜெட்’ இதழ் கிடக்கும். உள்ளங்கை அகல இதழ். அந்த வாரத் தொலைக்காட்சியில் எந்தெந்த நிகழ்ச்சியில் கறுப்பினத்தவர் தோன்றுகிறார்கள் என்ற பட்டியல் அதன் பின்பக்கங்களில் அச்சாகியிருக்கும். அவர் அதைப் பேனாவால் கோடிட்டு வைத்துக்கொள்வார். ஐம்பதுகளில் அப்படி ஒருவர் திரையில் தோன்றினால் தெருவில் எல்லோரும் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார்கள் என்றும், தொலைபேசி இல்லாத வீட்டுக்குப் பிள்ளைகளை ஓடவிடுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை இரவு ‘காஸ்பி ஷோ’. அதில் நடித்த கெஷியா நைட் புலியம் திரையில் வந்ததும் அம்மையார் தன் மடியைத் தட்டுவார், அந்தக் குழந்தை ஏறி உட்கார வந்துவிட்டதுபோல. (அந்தத் தொடரின் நாயகன் பில் காஸ்பியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். அவர்மீது வந்த பாலியல் குற்றச்சாட்டுகள் எனக்கும் தெரியும். அவற்றுக்காக மறுஒளிபரப்புகள் நிறுத்தப்பட்டபோது, ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளின் வேலையும் சேர்ந்து திரையிலிருந்து போனது என்பதும் தெரியும். மகனாக நடித்த மால்கம்-ஜமால் வார்னர் 2025-இல் கோஸ்டா ரிக்காவின் கடலில் மூழ்கி இறந்த செய்தி வந்த அன்று அந்த மாடி வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.)

அம்மையாருக்கு ஒரு பேரன். நான் குடிவந்த முதல் வாரம், இரவு பத்து மணி இருக்கும், குறுகலான மாடிப்படியில் அவன் எதிரே இறங்கி வந்தான். என்னைவிட உயரம். நான் என் தோள்பையைச் சுவர்ப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. அவன் ஒதுங்கி வழிவிட்டு வணக்கம் சொன்னான். கீழே கதவருகே நின்ற அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வாடகைப் பணம் கொடுக்கப் போனபோது, காப்பிக் கோப்பையை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, “அவன் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான், பதினொரு வயது” என்றார். என் பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பதினாறு, பதினேழு என்று நினைத்திருந்தேன்.

சில வாரங்கள் கழித்து மூவருமாகப் படம் பார்க்கப் போனோம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் பாதிக் கட்டணம். சீட்டுச் சாளரத்தில் இருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முழுக் கட்டணம் கேட்டார். அம்மையார் பதற்றமே இல்லாமல் கைப்பையைத் திறந்து, கண்ணாடித் தாள் உறையில் இட்டிருந்த ஒரு காகிதத்தை எடுத்துச் சாளரத்தில் வைத்தார். பிறப்புச் சான்றிதழின் நகல். மடிப்புகளில் வெளுத்துப்போயிருந்தது. எத்தனை இடங்களில் அதைப் பிரித்திருப்பார் என்று அந்த வெளுப்பைப் பார்த்தால் தெரிந்தது. வெளியே வரும்போது, “டிக்கெட்டுக்காக மட்டும் வைத்திருப்பதாக நினைத்துவிடாதே” என்று என்னிடம் சொன்னார்.

இதை ஒரு பாட்டியின் அளவு கடந்த எச்சரிக்கை என்று நீங்கள் நினைக்கலாம். 2014-இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவர்களின் வயதை மதிப்பிடச் சொன்னபோது, பங்கேற்றவர்கள் உண்மை வயதைவிடச் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கூட்டிச் சொன்னார்கள். 2017-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் சிறுமிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வோ, ஐந்து வயதிலிருந்தே கறுப்பினச் சிறுமிகளைப் பெரியவர்கள் ‘கூடுதல் விவரம் தெரிந்தவர்கள், பாதுகாப்பும் அரவணைப்பும் குறைவாகத் தேவைப்படுபவர்கள்’ என்று எடைபோடுவதாகக் கூறியது. ஐந்து வயது, கே.! பால்பல் விழாத வயது.

‘பிளாக்-இஷ்’ 2014 செப்டம்பர் 24 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. மார்சேவுக்கு அப்போது பத்து வயது. அதிலிருந்து இரண்டு மாதம்கூட நிறையாத நவம்பர் 22 அன்று, கிளீவ்லாந்து நகரப் பூங்கா ஒன்றில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த டமீர் ரைஸ் என்ற சிறுவனை, வண்டி வந்து நின்ற இரண்டு நொடிக்குள் காவலர் ஒருவர் சுட்டார். டமீருக்குப் பன்னிரண்டு வயது. சுட்டவுடன் வானொலியில் தகவல் சொன்ன காவலர், சுடப்பட்டவனுக்கு இருபது வயது இருக்கலாம் என்றார். அந்த எட்டு ஆண்டுகளைச் சிறுவனின் தலையில் ஏற்றியது எது? உங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஒரு சிறுமியைப் பெரிய மனுஷி என்று சொல்ல வைத்ததும், சிகாகோ மாடிப்படியில் என் பையைத் தோள் மாற்றியதும் அதுதான். உங்களைக் கொலைகாரரோடு சேர்க்கவில்லை. என்னையும் சேர்க்காமல் உங்களை மட்டும் சொல்லவுமில்லை.

டயான் பாத்திரம் துடுக்கானது, ஒப்புக்கொள்கிறேன். தொடரின் எழுத்தாளர்கள் அவளுக்குக் கொடுத்த வசனங்கள் கத்தி முனை போன்றவை. அதைப் பத்து வயதில் இம்மி பிசகாமல், கண் இமைக்காமல் சொல்லிச் சிரிக்க வைப்பதைத்தான் நடிப்பு என்கிறோம். இதே துடுக்கை வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி காட்டியிருந்தால் நீங்கள் ‘சுட்டி’ என்று எழுதியிருப்பீர்கள். மகள் அப்படி ஆகிவிடுவாளோ என்று அஞ்சியிருக்க மாட்டீர்கள், ஆக மாட்டாளா என்று ஏங்கியிருப்பீர்கள். இதை நான் கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

அமெரிக்கத் தொலைக்காட்சி கறுப்பினச் சிறுவர்களைக் கொண்டாடவே இல்லையா என்று கேட்பீர்கள். கொண்டாடியது. எந்தச் சிறுவர்களை என்று பாருங்கள். 1978-இல் தொடங்கிய ‘டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்’ தொடரின் கேரி கோல்மன். 1983-இல் தொடங்கிய ‘வெப்ஸ்டர்’ தொடரின் இமானுவேல் லூயிஸ். இருவரும் வயதுக்கு மிகச் சிறிய உருவம் கொண்டவர்கள். லூயிஸுக்குத் தொடர் தொடங்கியபோதே பன்னிரண்டு வயது; தன்னைவிடப் பல வயது குறைந்த குழந்தையாக நடித்தார். கோல்மனின் வளர்ச்சியை நிறுத்தியது சிறுநீரக நோயும் அதற்கு உண்ட மருந்துகளும். இரண்டு கதைகளிலும் பெற்றோர் இறந்துவிடுவார்கள், வெள்ளையரின் வீடு பிள்ளையை எடுத்து வளர்க்கும். கோல்மனின் பாத்திரத்தினுடைய தாயோ அந்தப் பணக்காரரின் வீட்டிலேயே வேலை பார்த்தவள். கன்னத்தைக் கிள்ளலாம், தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு வளர்ந்து எதிரே மாடிப்படியில் இறங்கி வர மாட்டான். அப்படிப்பட்ட சிறுவனை மட்டும் நாடு முழுவதும் மடியில் வைத்துக் கொஞ்சியது. கோல்மன் பதின்ம வயதைக் கடக்கும்வரை அவரை “என்ன சொல்றே, வில்லிஸ்?” என்ற அதே கேள்வி வசனத்தைச் சொல்லவைத்துச் சிரித்தார்கள். 1989-இல் அவர் தன் பெற்றோர் மீதும் நிதி ஆலோசகர் மீதும் வழக்குத் தொடுத்து, 1993-இல் பன்னிரண்டு லட்சத்து எண்பதாயிரம் டாலர் தீர்ப்புப் பெற்றார். பின்னாளில் காவலாளி வேலையும் பார்த்தார். 2010-இல், நாற்பத்திரண்டு வயதில் இறந்தார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ரெஜினா கிங் ‘227’ தொடரில் பள்ளிச் சிறுமியாக நடிக்க வந்தது 1985-இல். முதல் எம்மி கிடைத்தது 2015-இல். முப்பது ஆண்டு. ‘எவ்ரிபடி ஹேட்ஸ் கிரிஸ்’ தொடரில் பன்னிரண்டு வயதில் தொடங்கிய டைலர் ஜேம்ஸ் வில்லியம்ஸ், ‘அபாட் எலிமென்டரி’யில் ஆசிரியராக நடித்து 2023-இல் கோல்டன் குளோப் பெற்றார். வளர அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியல் இப்போதுதான் நீளத் தொடங்கியிருக்கிறது. பிரைம்டைம் எம்மியில் சிறுவருக்கென்று தனிப் பிரிவு கிடையாது. 1986-இல் கெஷியாவின் பெயர் பரிந்துரைப் பட்டியலில் வந்தபோது, ஆறேழு வயதுக் குழந்தை வளர்ந்த நடிகைகளோடு போட்டியிட்டது. பெருமைதான். ஆனால் நான் சொல்லும் காரணத்துக்காக, ‘இவர் இளையவர்’ என்று பெயர் சொல்லி அழைக்கும் ஒரு மேடை அந்தக் குழந்தைக்கு வேண்டும். சபையின் முன்னால் சான்றிதழைப் பிரித்து வைப்பது போன்றது அது.

ஏனென்றால் பெரிய மேடைகளின் இரவிலும் இந்தப் பிள்ளைகளைக் குழந்தைகளாக விட்டுவைப்பதில்லை. திரைப்பட விருதுதான் எனினும் சொல்கிறேன்: 2013 ஆஸ்கர் இரவில், சிறந்த நடிகைக்கான பட்டியலில் இருந்த ஒன்பது வயது குவென்ஜனே வாலிஸை ஒரு நையாண்டி இதழ் பெண்களைக் குறிக்கும் மிக இழிவான சொல்லால் குறிப்பிட்டது. மறுநாள் மன்னிப்புக் கேட்டார்கள். வேறெந்த ஒன்பது வயதுக் குழந்தையைப் பற்றி அந்தச் சொல் யாருக்காவது தோன்றியிருக்கும்? நான் முதலில் குறிப்பிட்ட கேலப் மெக்லாஃப்லின், தன் முதல் ரசிகர் சந்திப்பில் தன் வரிசையில் மட்டும் சிலர் நிற்க மறுத்ததற்குத் தன் நிறமே காரணம் என்று சொல்லப்பட்டதையும், அது ஒரு சிறுவனாகத் தன்னை எப்படிப் பாதித்தது என்பதையும் 2022-இல் வெளிப்படையாகப் பேசினார். கோடிக்கணக்கானோர் பார்க்கும் தொடரின் நான்கு நண்பர்களில் ஒருவன் அவன். பக்கத்து மேசைகளில் கூட்டம் முண்டியடித்தபோது அவன் எதிரே தரை தெரிந்திருக்கும்.

இன்னொரு இரவையும் சொல்லியாக வேண்டும். 2019 எம்மி விழாவில் ‘வென் தே சீ அஸ்’ குறுந்தொடருக்காக, இருபத்தொரு வயது ஜாரெல் ஜெரோம் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். 1989-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வழக்கில் செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்ற ஐந்து சிறுவர்களின் கதை அது. அவர்களில் கோரி வைஸுக்குப் பதினாறு வயது. நண்பனுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்குப் போனவன். மற்ற நால்வரும் அதைவிட இளையவர்கள் என்பதால் சிறார் காப்பகங்களுக்குப் போக, அவன் மட்டும் பெரியவர்களின் சிறைக்கு அனுப்பப்பட்டான். 2002-இல்தான் ஐவர் மீதான தீர்ப்புகளும் ரத்து செய்யப்பட்டன. தொடரில் மற்ற நால்வருக்கும் சிறுவயதுக்கு ஒரு நடிகர், வளர்ந்த பிறகு வேறொரு நடிகர். கோரியாக மட்டும் இரண்டு வயதுகளிலும் நடித்தவர் ஜெரோம் ஒருவரே. இயக்குநர் ஏவா டுவெர்னே ஏன் அப்படி முடிவு செய்தார் என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒரே இரவில் பெரியவனாக்கப்பட்டவனுக்கு இரண்டு முகங்கள் எதற்கு என்றே எனக்குத் தோன்றியது. ஜெரோம் மேடையேறி அந்த ஐவரின் பெயரால் நன்றி சொன்னபோது, ஐவரும் அரங்கில் எழுந்து நின்றார்கள். நாற்பதைக் கடந்த ஆண்கள். நான் அவர்கள் முகங்களில் ஐந்தாம் வகுப்புப் பையனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகளைப் பற்றிய கேள்வியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பாதி மறந்துதான் போனேன். சேருங்கள். அமெரிக்காவில் இருக்கிறீர்கள், எனவே ஒரு நடைமுறைச் செய்தி: பிற்காலத்தில் அவள் கலிபோர்னியாவில் ஒப்பந்தமாகி நடிக்கும் நிலை வந்தால், சிறுவரின் ஊதியத்தில் பதினைந்து விழுக்காட்டை அவர்கள் பெயரிலேயே ஓர் அறக்கட்டளைக் கணக்கில் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஜாக்கி கூகன் என்ற குழந்தை நடிகரின் சம்பாத்தியத்தைப் பெற்றவர்கள் செலவழித்துத் தீர்த்ததால் 1939-இல் வந்த சட்டம். ஓட்டைகளை அடைத்து 2000 முதல் இறுக்கினார்கள். கோல்மனுக்கு அந்த இறுக்கம் உதவவில்லை.

அதைவிட முக்கியமாக வேறொன்று. அம்மையாரின் தேவாலயத்தில் ஈஸ்டர் அன்று சிறு பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, மனப்பாடம் செய்த நான்கு வரி, எட்டு வரி வசனத்தைச் சொல்வது மரபு. பேரன் அந்த ஆண்டு பன்னிரண்டு வரி வாங்கியிருந்தான். கை நீளம் போதாத கோட்டு அணிந்து, எல்லாப் பிள்ளைகளையும்விட ஓரடி உயரமாக நின்று, ஐந்தாவது வரியில் மறந்துபோனான். அரங்கில் நான்கு மூலைகளிலிருந்தும் குரல்கள் எழுந்தன: “நிதானமாகச் சொல்லு கண்ணு”, “பரவாயில்லை செல்லம்”. அந்த உயரமான பையனைப் பார்த்து, முன்பின் அறியாத கிழவர்களும் கிழவிகளும் ‘கண்ணு’ என்றார்கள். அவன் மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கினான். பன்னிரண்டு வரியும் சொல்லி முடித்தபோது எழுந்த கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

உங்கள் மகள் எந்த விருதுக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள் என்று எழுதுங்கள். அடுத்த முறை அவளோடு சேர்ந்து பார்க்கும்போது மேடையை விட்டுவிட்டு, கீழே உட்கார்ந்திருப்பவர்கள் எப்படிக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

அன்புடன்.